முகப்பில் தட்டுகிறோம், வளவில் எழுதுகிறார்கள்

பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு நாள் சாயங்காலம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசவும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு அழைக்கவேண்டிய பங்காளிகள் பட்டியலை வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அது வேண்டும். "முந்தாநாள் ராத்திரி என்னமோ அப்டேட் கேட்டுச்சு தம்பி. சரிண்டு அமுக்கிட்டேன். விடிஞ்சு பார்த்தா பாஸ்வேர்டை வாங்கமாட்டேங்குது. ஆறு வருசமா அதே பாஸ்வேர்டு. எனக்குத்தான் புத்தி தடுமாறிருச்சோண்டு பயந்துட்டேன்" என்றார்கள். கடையில் காட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் நாலு விசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, கீபோர்டு போய்விட்டது, மாற்ற 1,800 ரூபாய் ஆகும் என்றாராம்.

ஆச்சியின் புத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை, கீபோர்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. டீ வரட்டும், என்ன நடந்தது என்று மெதுவாகப் பார்ப்போம். இது ஆச்சி ஒருவரின் பாடும் இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது பொதுவாக நின்றது. அதையொட்டி, தகுதியுள்ள கணினிகளையெல்லாம் விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லித் திரை நச்சரித்தது. மாறிய மறுநாள் சில வீடுகளில் விசை ஒன்று, எழுத்து வேறொன்று.

நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. விசையின் தலையில் 'ஏ' என்று அச்சடித்திருக்கிறது, ஆகவே அதற்குள் 'ஏ' இருக்கிறது. தட்டினால் அது கம்பி வழியாக ஓடிப்போய்த் திரையில் ஒட்டிக்கொள்கிறது. திரையில் வேறு எழுத்து விழுந்தால் விசை கெட்டுவிட்டது. நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் விசைக்குத் தன் தலையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதே தெரியாது. அச்சு நம் கண்ணுக்காகப் போட்டது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும், தட்டச்சுப் பொறியிலிருந்து. லோயர், ஹையர் என்று பயிலகத்துக்குப் போய்த் தட்டிய தலைமுறை நம்முடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ரா. முத்தையா தமிழுக்குத் தட்டச்சு விசையமைப்பை உருவாக்கினார். (நம் கோட்டையூரில் புத்தகம் சேர்த்த ரோஜா முத்தையா செட்டியார் வேறு, இவர் வேறு.) அந்தப் பொறியில் விசையும் எழுத்தும் ஒரே இரும்பின் இரண்டு முனைகள். இந்தப் பக்கம் விரல் பட்டால் அந்தப் பக்கம் ஈர நாடா மேல் எழுத்து அறையும். புள்ளிக்கும் விசிறிக்கும் 'நகரா விசை' வைத்தார்கள். தட்டினால் குறி விழும், தாள் நகராது. அங்கே எழுத்து மாறி விழவேண்டுமானால் யாராவது இரும்பை வளைத்திருக்கவேண்டும். மடிக்கணினியைத் திறக்கும்போதும் நம் மனசுக்குள் அந்த இரும்புக் கை இருக்கிறது. அதை முதலில் கழற்றி வைப்போம்.

அதற்குப் பதிலாக நம் ஊர் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். முகப்பு, அதைத் தாண்டி வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு. முகப்பில் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். வாசலுக்கு வருகிறவர் யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் அவருக்கு அக்கறையில்லை. ஒரு துண்டுச் சீட்டில் ஓர் எண்ணை எழுதி உள்ளே அனுப்புவது மட்டும் அவர் வேலை. சீட்டை வளவுக்குக் கொண்டுபோக ஓர் எடுபிடிப் பையன் இருக்கிறான். வளவில் ஒரு பேரேடு விரித்திருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அதில் பார்த்துச் சொல்வார்கள். சொன்னதை இரண்டாங்கட்டில் ஒருவர் அழகாக எழுதித் திரையில் மாட்டுவார். மடிக்கணினிக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு கட்டாகப் போவோம்.

முகப்பு. விசைகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் ஓடும் கோடுகள், சில குறுக்கே, சில நெடுக்கே. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் மூன்றாவது வரிசை, ஐந்தாவது கல் என்று சொன்னால் இடம் தெரிந்துவிடுகிறதல்லவா, அதே மாதிரிதான். விரல் அழுத்துகிற இடத்தில் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்கின்றன. கண்ட்ரோலர் என்கிற சின்னச் சில்லு விடாமல் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, எந்தக் கல் அமுங்கியது என்று குறித்துக்கொள்கிறது. அதுதான் நம் கணக்குப்பிள்ளை.

அவருடைய சீட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடலாம். மடிக்கணினியின் ஹெச் விசையைத் தட்டினால் விண்டோஸ் கைக்கு வந்து சேருகிற எண் 35. ஏ-க்கு 30, எஸ்-க்கு 31, டி-க்கு 32; எழுத்து வரிசை இல்லை, பலகையில் விசை உட்கார்ந்திருக்கும் வரிசை. 1981-ல் ஐபிஎம் தன் முதல் பிசி-க்குப் போட்ட கணக்கு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. விரலை எடுத்ததும் இன்னொரு சீட்டு வரும், 35-உடன் 128-ஐக் கூட்டி 163. முதலாவது 'அமுக்கியாச்சு', இரண்டாவது 'விட்டாச்சு'. இரண்டாவது சீட்டு வராமல் போனால், நீங்கள் இன்னும் அமுக்கிக்கொண்டே இருப்பதாக வளவில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சீட்டில் எண் இருக்கிறது, ஹெச் என்ற எழுத்து எங்கேயும் இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மிச்சமெல்லாம் தானாகப் பிடிபடும்.

எடுபிடிப் பையன் என்று சொன்னேனே, அவனுக்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயர் டிரைவர். அவன் சுமக்கிறானே தவிரப் படிப்பதில்லை. அவன் வராவிட்டால் ஒரு விசையும் வேலை செய்யாது. எழுத்து மாறி விழுவது பெரும்பாலும் அவன் குற்றமாக இருக்காது. இப்போது வளவுக்குள் நுழைவோம், வேடிக்கை அங்கேதான்.

பேரேட்டுக்குப் பெயர் லேஅவுட், தமிழில் விசையமைப்பு. ஒரே வீட்டில் பல பேரேடுகள் இருக்கலாம். 35 என்ற சீட்டு வருகிறது. ஆங்கிலப் பேரேடு விரித்திருந்தால் ஹெச். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வகுத்த தமிழ்99 விரித்திருந்தால் 'க'. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட இன்ஸ்கிரிப்ட் என்றால் 'ப'. ஒலிப்படி எழுதும் அஞ்சல் என்றால் 'ஹ்'. ஒரே விரல், ஒரே விசை, ஒரே எண், நாலு எழுத்து. நம்பாவிட்டால் தமிழ்99-ஐ வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஹலோ என்று எழுதுகிற ஐந்து விசைகளையும் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். அந்த முறைப்படி 'கூத்தட' என்று வரும். கீபோர்டு கெட்டுவிட்டது என்று அலறவும் செய்யலாம், கூத்தாடவும் செய்யலாம்.

நம் கண்ணெதிரே நடந்த இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ரூபாய்க்கு ₹ என்ற குறி 2010 ஜூலை 15-ஆம் தேதி வந்தது. வரைந்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த டி. உதயகுமார். அதற்கு முன்பு வாங்கிய கீபோர்டுகளில் அந்தக் குறி எப்படி இருக்கும்? ஆனால் மறு வருடமே விண்டோஸ் ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. 'இங்கிலீஷ் (இந்தியா)' அமைப்பை வைத்துக்கொண்டு வலப்பக்க ஆல்ட்டோடு 4-ஐ அமுக்கினால் பழைய கீபோர்டிலேயே ₹ விழுந்தது. யாரும் வீட்டுக்கு வந்து விசையைக் கழற்றி மாட்டவில்லை. பேரேட்டில் ஒரு வரி கூடியது.

இப்போது ஆச்சியிடம் வரலாம். அவர்களுடைய பாஸ்வேர்டில் ஓர் அட் குறி உண்டு. பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அமுக்கினால் நாம் அடித்தது புள்ளியாகத் தெரியாமல் எழுத்தாகவே தெரியும். அடித்துவிட்டு அதை அமுக்கச் சொன்னேன். ஷிஃப்டோடு 2-ஐத் தட்டினார்கள். விசையின் தலையில் அட் குறி பளிச்சென்று இருக்கிறது; பெட்டியில் விழுந்ததோ இரட்டை மேற்கோள் குறி. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். 'இங்கிலீஷ்' என்பதற்குக் கீழே 'யுகே' என்று இருந்தது. பிரிட்டிஷ் பேரேட்டில் ஷிஃப்ட் 2 என்றால் மேற்கோள் குறி. அட் குறி, என்டர் விசைக்குப் பக்கத்தில் மேற்கோள் இருக்கும் விசைக்குப் போய்விடும். ஷிஃப்ட் 3 பவுண்டு குறி. இந்தியாவில் விற்கும் கீபோர்டுகளில் பெரும்பாலும் அமெரிக்க வரிசையைத்தான் அச்சடிக்கிறார்கள். முகப்பில் அமெரிக்கப் பலகை, வளவில் பிரிட்டிஷ் பேரேடு. வெள்ளைக்காரன் 1947-லேயே போய்விட்டான். அவன் கீபோர்டு மட்டும் அப்டேட்டில் திரும்பி வருகிறது.

விண்டோஸ் விசையை அமுக்கிக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த பேரேடு விரியும். ஒரு தட்டு, கதவு திறந்துவிட்டது. ஆச்சி என்னைப் பார்த்த பார்வையில் நன்றியைவிடக் கடைக்காரர் மேல் இருந்த கோபம்தான் அதிகம்.

அப்டேட் என்ன செய்தது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அது வளவிலும் இரண்டாங்கட்டிலும் ஆளையும் ஏட்டையும் மாற்றுகிறது. முகப்பின் கோடுகளையும் தாள்களையும் அதனால் தொடமுடியாது. (கண்ட்ரோலர் சில்லுக்கான மென்பொருளும் சில சமயம் அப்டேட்டோடு வந்துவிடுவதுண்டு. அது அபூர்வம்.) புதிய பேரேட்டைச் சேர்த்திருக்கலாம், பழைய பேரேட்டை அடியில் தள்ளியிருக்கலாம். இரண்டு மூன்று பேரேடுகள் சேர்ந்துவிட்டால் இன்னொரு தொல்லை: இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்டும் தற்செயலாகச் சேர்ந்து அமுங்கினாலே பேரேடு மாறிவிடும். நாம் ஒன்றுமே செய்யவில்லையே என்று சத்தியம் செய்வோம், விரல் செய்திருக்கும்.

ஆகவே தேவையில்லாத பேரேட்டை எடுத்துவிடுவதுதான் நிரந்தர வைத்தியம். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் மொழிகள் பட்டியல், உங்கள் மொழிக்கு எதிரே மூன்று புள்ளி, அதற்குள் கீபோர்டுகள். வேண்டாததை நீக்குங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் அதே இடத்தில் தமிழ்99 இருக்கிறதா, வேறொன்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-ல் தமிழ்99, அஞ்சல் இரண்டுமே கூடவே வருகின்றன. பாஸ்வேர்டு கேட்கும் முதல் திரைக்குத் தனிப் பேரேடு என்பதை மறக்கவேண்டாம். உள்ளே சரிசெய்தும் வாசலில் மக்கர் செய்தால், மொழி அமைப்புகளில் 'வெல்கம் ஸ்கிரீன்' என்று இருக்கும் இடத்தில் அந்த ஒழுங்கை அங்கேயும் நகலெடுக்கச் சொல்லவேண்டும்.

இரண்டாங்கட்டை விரைவாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அங்கே இருப்பவர் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டி வைத்த கல்யாணப் பத்திரிகைக் கோப்பு எதையாவது புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்பும் சரி, கீபோர்டும் சரி. பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். யூனிகோடில் எழுதினால் இந்த வம்பே கிடையாது.

இனி, உண்மையிலேயே எங்கே பழுது என்று நாமே கண்டுபிடிப்பது எப்படி? கண்ட்ரோல், விண்டோஸ், ஓ மூன்றையும் சேர்த்து அமுக்கினால் திரையிலேயே ஒரு கீபோர்டு படம் விரியும். அந்த விசைகளும் வேலை செய்யாவிட்டால், பாஸ்வேர்டுத் திரையின் மூலையில் இருக்கும் மனித உருவத்தைச் சொடுக்கி அங்கிருந்து திறக்கலாம். மவுஸால் அந்தப் படத்தில் ஒரு விசையைச் சொடுக்குங்கள். படத்தில் தெரிகிற எழுத்தும், விழுகிற எழுத்தும், உங்கள் விசையில் அச்சடித்த எழுத்தும் ஒத்துப்போகின்றனவா? படத்திலேயே எழுத்து இடம் மாறி இருந்தால் பேரேடுதான் சிக்கல். யுஎஸ்பி-யில் புதுக் கீபோர்டை வாங்கிச் செருகினாலும் அதே எழுத்துதான் விழும், காசு வீண். படத்தில் எல்லாம் சரியாக விழுந்து, நிஜ விசையைத் தட்டும்போது மட்டும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் பையனையோ முகப்பையோ பார்க்கவேண்டும்.

பையனா, முகப்பா என்று பிரிக்கவும் வழி உண்டு. கணினியை அணைத்துவிட்டு, போடும்போதே எஃப்2 அல்லது எஸ்கேப் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்ற பழைய காலத்துத் திரை வரும். விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. வளவில் ஆளே கிடையாது. அங்கே அம்புக்குறி விசைகள் ஓடினால் முகப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள்.

முகப்பு உயிரோடு இருந்தால் பையனை மாற்றிப் பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டுகள் என்ற தலைப்பின் கீழ் இருப்பதை 'அன்இன்ஸ்டால்' செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அன்இன்ஸ்டால் என்றதும் பயம் வரும். பயப்படவேண்டாம், பழையவனை வீட்டுக்கு அனுப்பினால், விடியும்போது விண்டோஸ் தன்னிடம் உள்ள இன்னொருவனைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும். மவுஸ் மட்டும் கைவசம் இருக்கட்டும். பையன்கள் சொதப்பியதற்குச் சரித்திரம் உண்டு. 2018 அக்டோபரில் எச்பி கணினிகளுக்கு அப்டேட் வழியாக வந்த ஒரு கீபோர்டு டிரைவர் சிலவற்றை நீலத்திரையில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்றது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட்டில், கணினியைப் பழுது பார்ப்பதற்கென்றே இருக்கும் மீட்புத் திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. 20-ஆம் தேதி அவசரமாகத் திருத்தம் அனுப்பினார்கள். விண்டோஸ் 10-க்கு விடைகொடுத்த அதே நாளில் இந்தக் கூத்து.

விசை மந்தமாக இருக்கிறது, நீண்ட நேரம் அமுக்கினால்தான் விழுகிறது என்றால் அது ஃபில்டர் கீஸ் ஆக இருக்கும். வலப்பக்க ஷிஃப்டை எட்டு நொடி அமுக்கிக்கொண்டிருந்தால் தானாக வந்து நிற்கும் வசதி. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது சகஜம். அக்சசிபிலிட்டி அமைப்பில் அணைத்துவிடலாம். பழைய சிறிய மடிக்கணினிகளில் யூ, ஐ, ஓ என்று தட்டினால் 4, 5, 6 விழுந்தால் 'நம்லாக்' என்ற எண் பூட்டு போட்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் 11-க்கு மாறியதே பிடிக்கவில்லையென்றால், பழைய விண்டோஸுக்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் கெடு உண்டு. அதற்குப் பிறகு பழைய கோப்புகளை விண்டோஸே துடைத்துவிடும்.

முகப்பு நிஜமாகவே கெட்டுப்போவதும் உண்டு. அடையாளம் சொல்கிறேன். நாலைந்து விசைகள் ஒரே நேரத்தில் செத்துவிட்டன, மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால் ஒரு குறுக்குக் கோடோ நெடுக்குக் கோடோ அறுந்திருக்கிறது. எப்போதோ சிந்திய டீ உள்ளே போய்ப் படிந்து, கோட்டை மெல்ல அரித்திருக்கும். அரிப்பு என்பது சாதாரண விஷயமில்லை. 1953-ல் திறக்கப்பட்ட நம் காரைக்குடி சிக்ரி ஆய்வகத்தில் அரிப்புக்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது. அப்டேட்டுக்கு மறுநாள் அறுந்தது தற்செயலாக இருக்கலாம். அந்தக் கீபோர்டை மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று, இதில் விளையாடக் கூடாது: கீபோர்டின் நடுப்பகுதி மேடாகத் தெரிகிறது, டச்பேடு அமுங்க மறுக்கிறது என்றால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைப் பிடுங்குங்கள், கணினியை அணையுங்கள், அமுக்கிச் சமன்படுத்தப் பார்க்காதீர்கள். அப்படியே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

மற்றபடி கடைக்குப் போவதற்கு முன் நீங்களும் கணக்குப்பிள்ளை மாதிரி ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த விசையைத் தட்டினேன், என்ன விழுந்தது, திரைக் கீபோர்டில் என்ன விழுந்தது, பயாஸில் ஓடியதா, மூலையில் என்ன மொழி எழுதியிருந்தது. ஐந்து வரி. அதைப் படித்துப் பார்த்த பிறகும் கடைக்காரர் மாற்றவேண்டும் என்று சொன்னால், மாற்றிக்கொள்ளலாம்.